சொட்டம்மாவின் ஞாயிற்றுக்கிழமை நம்பர்

நகரக் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவளுக்கு அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர் சொட்டம்மா. கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து, அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து நம்பர் சொல்வது அவள் வேலை. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் போச்சு. குப்பியை அப்படியே கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பேசியது மேலதிகாரியாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அவள் தலையசைத்த பிறகுதான் ஊருக்குத் தண்ணீர் போகும். இதை நான் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. பெரிதுபடுத்திச் சொல்ல அவளே போதும்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு அவளிடம் நம்பர் கேட்க ஆளில்லை. கணவரிடம் பேசிப் பார்த்தாள். அவர் பேப்பரைத் தாழ்த்தாமலே "ம்" என்றார். அந்த "ம்"மோடு இரண்டு வருடம் ஓடியது.

இனி விஷயத்துக்கு வருவோம். சொட்டம்மாவுக்குத் தன் ஓரகத்தி மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நல்ல, கெட்டியான, பல வருடம் ஊறிய பொறாமை.

ஓரகத்தியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். சொட்டம்மாவைவிடப் பதினோரு வயது இளையவள். கல்யாணமாகி வந்தபோது அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது, ரசீது படிக்கத் தெரியாது, ஒரு கணக்குக் கூட்டத் தெரியாது. ஆனால் சிரிக்கத் தெரியும். எதையாவது கீழே போட்டு உடைத்துவிட்டு அவள் சிரித்தால் உடைந்த சாமானுக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களும் சிரித்தார்கள். சொட்டம்மா எதையும் உடைத்ததில்லை. அதனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை. மாமியார் கடைசிவரை மூத்த மருமகளிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு, சின்ன மருமகளிடம் கதை பேசினார். இந்த ஒன்று மட்டும் சொட்டம்மாவின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அண்ணன் வீடும் தம்பி வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் ஒரு மதில், மதிலில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு இரும்புக் கதவு. அண்ணன், அதாவது சொட்டம்மாவின் கணவர், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி டைல்ஸ் கடை வைத்து நன்றாக வந்துவிட்டார். கொழுந்தன் நன்றாக வந்ததில் சொட்டம்மாவுக்கு வருத்தமில்லை, அவளுக்கும் அவர் தம்பி மாதிரிதான். அந்த நன்மை எல்லாம் போய்ச் சின்னவள் மடியில் விழுந்ததில்தான் வயிறு எரிந்தது. கூப்பிடாமல் அந்த இரும்புக் கதவைத் தாண்டுவதில்லை என்று அவள் ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள். அந்த வைராக்கியம் யாருக்கும் தெரியாது என்பது அவளுடைய இன்னொரு குறை.

போன வருடம் அந்தப் பக்கம் மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்றது. இரண்டு மாதம் சொட்டம்மா காயப்போட்ட துணியில் எல்லாம் புழுதி. பிறகு சிமெண்ட், பிறகு தம்பியின் டைல்ஸ் கடையிலிருந்து வந்த நீல ஓடுகள். கடைசியில் பார்த்தால் நீச்சல் குளம். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், ஒரு முனையில் கருங்கல் அடுக்கி அதன் மேலிருந்து விழும் ஒரு சின்ன அருவி வேறு.

"இவ நீச்சலா அடிக்கப்போறா? குளியலறையில வழுக்கி விழுந்தவ" என்றாள் சொட்டம்மா கணவரிடம்.

அவர் அன்றைக்குப் பேப்பரைத் தாழ்த்தினார். "எனக்கு முதுகு வலிக்கு நீச்சல் நல்லதுன்னு டாக்டர் சொன்னார்" என்றார். மறுநாளிலிருந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இரும்புக் கதவுக்குள் குனிந்து போகத் தொடங்கினார். சாயங்காலம் திரும்பி வந்து, "சின்னவ போடற டீயே தனிதான்" என்றும் ஒரு நாள் சொல்லித் தொலைத்தார்.

அவள் நாள்பூராவும் புகைந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது வாரம், அந்தக் கதவு மறுபக்கத்திலிருந்து தட்டப்பட்டது. சின்னவள் ஈரத் தலையோடு நின்றாள்.

"அக்கா, பசங்க கண்ணெல்லாம் எரியுதுங்கறாங்க. தண்ணி பால் கலந்த மாதிரி மங்கலா இருக்கு. நீல ஓட்டு மேல வெள்ளையா ஏதோ படியுது. குளத்து மருந்து விக்கற கடைக்காரர் பிஎச் ஏறிடுச்சுன்னு சொல்றார். எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்?"

சொட்டம்மா பதில் சொல்வதற்கு முன் ஈரக் கையைத் துடைத்தாள், கண்ணாடியைப் போட்டாள், அலமாரியிலிருந்து பரிசோதனைப் பெட்டியை எடுத்தாள். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெட்டி வெளியே வருவது அதுதான் முதல் தடவை.

பிஎச் என்பது பெரிய வித்தை இல்லை. தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறதா, சுண்ணாம்புப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லும் நம்பர். நடுவில் உள்ள புள்ளியை விட்டுச் சொன்னால், குளத்துக்கு ஏழு நாலு, ஏழு அஞ்சு என்றால் சொர்க்கம். எட்டைத் தாண்டினால் குளோரின் போட்டும் பிரயோஜனமில்லை, கண் எரியும், ஓட்டில் வெள்ளை படியும். அன்றைக்கு நம்பர் எட்டு ரெண்டு. குப்பியில் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு ஏறி நின்றது.

"புது சிமெண்ட். சுண்ணாம்பு விட்டுக்கிட்டே இருக்கும். வாராவாரம் ஏறும், வாராவாரம் இறக்கணும்" என்றாள் சொட்டம்மா.

"வாராவாரமா? ஐயோ, உங்களுக்குச் சிரமமாச்சே அக்கா."

"பரவாயில்ல" என்றாள் சொட்டம்மா. அந்த ஒரு வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி அவளுடையதானது. குளத்தங்கரையில் பிரம்பு நாற்காலி போடப்படும். முழங்கை ஆழத்துக்குக் குப்பியை முக்கித் தண்ணீர் எடுப்பாள். மேல்தண்ணீர் அவளுக்கு ஆகாது. மருந்து பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்து ஐந்து சொட்டு. சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறிவிடும், அப்புறம் அது நம்பரே இல்லை. பின்னால் வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிறம் பார்ப்பாள். அதுவரை பிள்ளைகள் மூச்சுவிடக் கூடாது. டைல்ஸ் கடை முதலாளியான கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் கணவர் இடுப்புத் துண்டோடு நிற்பார்.

"நம்பர் என்ன அண்ணி?" என்பார் கொழுந்தன்.

"எட்டு ஒண்ணு."

பிறகு ஆசிட். வாளியில் முதலில் தண்ணீர், அதற்குள் ஆசிட். மாற்றிச் செய்தால் முகத்துக்குத் தெறிக்கும். கையுறை போட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மோட்டாரை ஓடவிட்டு, ஆழமான பக்கத்தில் நூலாக ஊற்றுவாள். "நாலு மணி நேரத்துக்கு யாரும் இறங்கக் கூடாது" என்பாள். யாரும் இறங்கமாட்டார்கள். எட்டு மீட்டர் குளம் சின்னவளுடையது. அதில் எப்போது கால் வைக்கலாம் என்று சொல்வது சொட்டம்மா. பல வருடத்தில் முதன்முறையாக அவள் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

நாலு மாதம் போனது. ஒரு ஞாயிறு குப்பியில் ஆரஞ்சு நிறம். அவள் இரண்டாவது தடவை எடுத்துப் பார்த்தாள். அதே ஆரஞ்சு. சிமெண்ட் சுண்ணாம்பு விடுவதை நிறுத்தியிருந்தது.

"ஏழு அஞ்சு" என்றாள்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். கொழுந்தன் முகமெல்லாம் பல். "அப்ப இனி கவலை இல்ல அண்ணி! நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க. எவ்வளவு சிரமப்பட்டீங்க."

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் தட்டவில்லை. சொட்டம்மா சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பாத்திரத்தைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கச் சத்தத்தைக் கேட்டாள். பிள்ளைகள் குதிக்கிற சத்தம், தன் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம். மனிதர் வீட்டில் சிரித்து எத்தனை நாளாயிற்று! எல்லாவற்றுக்கும் மேலே சின்னவளின் அந்தச் சிரிப்பு. மூன்றாவது ஞாயிறு ஜன்னலைச் சாத்தினாள். தன்னிடம் இருந்த ஒரே நம்பரையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதாகத் தோன்றியது. அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் அது சின்னவளுக்காக அழுததாகிவிடும்.

நாலாவது சனிக்கிழமை சின்னவள் வந்து நின்றாள். "அக்கா, மறுபடி ஏறின மாதிரி இருக்கு. நாளைக்கு வந்து பாக்கறீங்களா?"

போய்ப் பார்த்தாள். ஏழு ஒன்பது. 'சிமெண்ட் சுண்ணாம்பு விடுவது இன்னும் நின்றபாடில்லை' என்று நினைத்தாள். அவ்வளவு சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொண்டாள். இனி அந்த மூன்று வாரம் மாதிரி இன்னொரு மூன்று வாரம் வரக்கூடாது.

அந்த ஞாயிறு ஆசிட் ஊற்றியபின் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தாள். சமையல் சோடா, அரைக் கிலோ.

"இது எதுக்கு அக்கா?"

"தண்ணிக்குத் தெம்பு வேணும்ல? ஆசிட்டா ஊத்திக்கிட்டே இருந்தா தண்ணி நோஞ்சானாயிடும்."

சொன்னது பொய்யில்லை. தண்ணீரில் கொஞ்சம் காரம் கரைந்திருக்கவேண்டும். லேப் பாஷையில் அல்கலினிட்டி. அது குறைந்தால் பிஎச் அங்கும் இங்கும் தாவும். ஆனால் அது அளவுக்கு மேல் இருந்தால், எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் பிஎச் வாரத்துக்குள் மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குளத்தில் காரம் தேவைக்கு மேலேயே இருந்தது. இருபத்தேழு வருட லேப்காரி அதை அளந்து பார்க்கவே இல்லை. அளந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சோடா போட மனசாட்சி விடாது. அளக்காமல் போட்டால் அது வெறும் தெம்பு. இப்படி ஒரு சாமர்த்தியம்.

ஒரு கையால் இறக்கி மறு கையால் ஏற்றி, அடுத்த ஆறு மாதம் சொட்டம்மா ராஜ்யம் நடத்தினாள். எட்டு, எட்டு ரெண்டு, எட்டு மூணு. ஞாயிறு தவறாமல் நாற்காலி வந்தது. சின்னவள் பக்கத்தில் நின்று துண்டைப் பிடித்தாள். "அக்கா இல்லன்னா இந்தக் குளம் என்ன ஆகும்?" என்று சின்னவள் சொல்லும்போதெல்லாம் சொட்டம்மாவுக்கு உள்ளே இனித்தது. ஓட்டு மேல் வெள்ளை கனமாகப் படிந்ததையும், அவள் கணவர் இரவெல்லாம் கண்ணைத் தேய்த்ததையும் பார்க்காத மாதிரி இருந்தாள். கணவர் கண் எரிந்ததில் ஒரு சின்னத் திருப்தியும் உண்டு. அந்த டீயைப் புகழ்ந்த வாய்தானே.

ஆனால் ஒரு ஞாயிறு நம்பர் எட்டு அஞ்சுக்குப் போனது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. கொழுந்தன் ஓட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணி, இது உங்க தப்பில்ல. இப்ப ஒரு மெஷின் வந்திருக்கு. தானா அளந்து தானா ஆசிட் ஊத்திடும். நம்பர் போன்லயே தெரியும். உங்களுக்கும் முட்டி வலி. எதுக்கு வாராவாரம் வந்து குனிஞ்சுக்கிட்டு?"

"மெஷினுக்குச் சொட்டு எண்ணத் தெரியுமா?" என்றாள் சொட்டம்மா. குரல் உயர்ந்துவிட்டது.

"அது எண்ணாது அண்ணி, ஏதோ குச்சி மாதிரி..."

"ரெண்டு ஞாயிறு டைம் குடுங்க தம்பி. நான் இறக்கிக் காட்டறேன்."

"சரி அண்ணி. ரெண்டாவது ஞாயிறும் எட்டுக்கு மேல நின்னா, திங்கக்கிழமை மெஷின்காரனை வரச் சொல்லிடறேன்."

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பார்க்காத அந்த மெஷின் மேல் வந்த பொறாமை ஓரகத்தி மேல் இருந்ததைவிடக் காரமாக இருந்தது. அது ஞாயிறு மட்டும் இல்லை, திங்கள் செவ்வாய் எல்லாம் அங்கேயே இருக்கும். கூப்பிடவே வேண்டாம், அங்கேயே குடியிருக்கும்! குளத்தைக் குணப்படுத்தினால் தன் வேலை போகும். குணப்படுத்தாவிட்டால் மெஷின் வரும். இரண்டில் மெஷினிடம் தோற்பதைத்தான் அவளால் தாங்கமுடியாது.

ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்து, கடைசியில், காரத்தை அளந்தாள். ஒரு சொட்டுக்குப் பத்து. எண்பது நூறில் நிற்கவேண்டியது, பதினெட்டாவது சொட்டில்தான் நிறம் மாறியது. நூற்றெண்பது. எல்லாம் தன் கைங்கரியம். சோடாப் பொட்டலங்களைத் தூக்கி அலமாரியின் கடைசித் தட்டில் திணித்தாள். சின்னவள் வந்து கூப்பிட, ஒன்று விட்டு ஒரு நாள் போய் ஆசிட்டைக் கணக்காக ஊற்றினாள். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை காரம் நன்றாக இறங்கியிருந்தது, பிஎச் ஏழு அஞ்சு. இந்தக் காரத்துக்கு ஞாயிறு அன்று ஏழு ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு ஏழுதான் வரவேண்டும்.

முதல் ஞாயிறு: எட்டு ஒண்ணு.

கொழுந்தன் ஓட்டை இன்னொரு தடவை நகத்தால் சுரண்டினார். அது வாய்விட்டுச் சொன்னதைவிட மோசம். சின்னவள் மட்டும், "பரவாயில்ல அக்கா, அடுத்த வாரம் இருக்குல்ல" என்றாள். சிரித்தாள் வேறு.

இரண்டாவது வாரமும் அதே பாடு. தினம் காலையில் சின்னவளின் மகள் பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கதவு வழியாக நீட்டிவிட்டுப் போவாள். புதன் ஏழு நாலு. வியாழன் ஏழு அஞ்சு. வெள்ளி காலை ஏழு அஞ்சு. சொட்டம்மா நோட்டை உற்றுப் பார்த்தாள். போன வாரமும் வெள்ளிவரை ஒழுங்கு. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? தண்ணீர் பொய் சொல்லாது, கிழமை பார்த்து ஏறவும் செய்யாது. யாரோ ஏற்றுகிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அவள்தான்! மெஷின் வேண்டும் அவளுக்கு. ஊரெல்லாம் கூப்பிட்டுப் போனில் நம்பர் காட்டவேண்டும். அதற்குப் பெரியவள் தோற்கவேண்டும், அதுவும் தன் புருஷன் கொழுந்தன் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும். சிரித்துக்கொண்டே துண்டைப் பிடித்தாளே, கைகாரி! நினைக்க நினைக்கச் சொட்டம்மாவுக்குக் காதெல்லாம் சுட்டது. மறுநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆண்கள் இருவரும் கடையில். பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். சொட்டம்மா இரும்புக் கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினாள். கூப்பிடாமல் அந்தக் கதவைத் தாண்டுவது அவளுக்கு இதுவே முதல் முறை. அந்தக் கோபத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

குளத்தில் ஆளில்லை. ஆனால் கருங்கல் மேலிருந்து அருவி முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் வரும் நாலு குழாய் வாயும் மேல்நோக்கித் திருப்பப்பட்டு, குளம் முழுக்கக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. படிக்கட்டில் கால் நனைய உட்கார்ந்து சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சொட்டம்மாவுக்கு ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. மூடியைத் திறந்து குலுக்கிய சோடா பாட்டில் கதைதான். தண்ணீரை இப்படி அடித்துக் கொப்புளிக்கவிட்டால் உள்ளே இருக்கிற வாயு எல்லாம் வெளியே போய்விடும், புளிப்பு போய்விடும், பிஎச் விறுவிறுவென்று ஏறும். ஆசிட்டை வாளி வாளியாக ஊற்றினாலும் நிற்காது.

"நல்லா இருக்குடி!" என்றாள். சின்னவளை அவள் 'டி' போட்டுப் பேசியது அதுவரை இல்லை.

சின்னவள் கையிலிருந்த சட்டை தண்ணீரில் விழுந்தது. "அக்கா..."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுவிடறியா? ரெண்டு நாளும் ஓடுதா?"

"ராத்திரி நிறுத்திடுவேன். மோட்டார் சூடாகும்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"அந்தக் குளத்து மருந்துக் கடைக்காரர். அருவிய ரொம்ப ஓட விடாதீங்க, பிஎச் ஏறும்னு அப்பவே சொன்னார். அந்த மூணு வாரம் இருக்குல்ல, அப்ப."

"எந்த மூணு வாரம்?" என்று கேட்டாள், தெரியாத மாதிரி.

"நம்பர் சரியா வந்துச்சே, அதுக்கப்புறம் மூணு வாரம். நீங்க இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எனக்கு அந்த ரெண்டாவது வாரம் காய்ச்சல். மாமா தினம் குளிக்க வந்தார், போனார். நீங்க வரல. ஏறினாத்தான் வருவீங்கன்னா ஏறட்டும்னு விட்டேன். மெஷின் பேச்சு வரும்னு எனக்கென்ன தெரியும்? போன வாரம் நிறுத்திடலாம்னுதான் பாத்தேன். நிறுத்தினா நீங்க ஜெயிச்சிடுவீங்க, ஜெயிச்சிட்டுப் போயிடுவீங்க. மெஷின் வந்தாலும் போயிடுவீங்க. எனக்கு ஒண்ணும் புரியாம பழையபடியே போட்டுவிட்டேன்."

அருவி காது அடைக்கக் கொட்டியது. சொட்டம்மாவின் மனம் உருகிப்போனது என்று எழுத எனக்கும் ஆசைதான். உருகவில்லை. அவளுக்குள் ஏறியது சுத்தமான ஆத்திரம். ஆறு மாதம் தன் சாமர்த்தியத்தில் நடந்த ராஜ்யம் என்று நினைத்தாளே, அது இவள் சுவிட்சைத் தட்டிப் போட்ட பிச்சையா? கள்ளத்தனத்திலும் இவள்தான் முந்தியா? அதுவும் தன்னைப்போல் வயிற்றெரிச்சலில் செய்யாமல், ஆசையில் செய்திருக்கிறாள். இதைவிட ஒருத்தியை எப்படித் தோற்கடிப்பது?

"நீ மட்டும்தான் செஞ்சேன்னு நினைக்காத" என்றாள் வெடுக்கென்று. "சோடா போட்டேன்ல, அது தெம்புக்கில்ல. ஏறட்டும்னுதான் போட்டேன். உன் அருவி கால் பங்கு. என் சோடாதான் முக்கால் பங்கு."

எத்தனை குற்றவாளி இப்படிப் பெருமையோடு ஒப்புக்கொண்டிருப்பான் என்று தெரியவில்லை. சின்னவள் அவளையே பார்த்தாள். பிறகு அந்தச் சிரிப்பு. குடம் கவிழ்ந்த மாதிரி சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சொட்டம்மாவின் உதடும் ஒரு ஓரத்தில் துடித்தது, அதை அடக்கிக்கொண்டாள்.

"சிரிச்சது போதும். சுவிட்ச நிறுத்து. குழாய எல்லாம் கீழ்ப்பக்கம் திருப்பு. ஏன் காய்ச்சல்னு சொல்லி அனுப்பல?"

"சொல்லித்தான் வரணுமா அக்கா?"

சொட்டம்மா பெட்டி வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து அளந்து, ஏறியிருந்ததற்குக் கணக்காக ஆசிட் ஊற்றினாள்.

மறுநாள் பத்து மணிக்கு நாற்காலி போட்டார்கள். ஐந்து சொட்டு. வெள்ளைத் துண்டு. கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏழு அஞ்சு."

"அண்ணின்னா அண்ணிதான்!" என்று கொழுந்தன் அங்கேயே போனை எடுத்து மெஷின்காரனை வரவேண்டாம் என்றார். பிறகு, வாய் சும்மா இருக்குமா, "இனி நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க அண்ணி" என்றார்.

சின்னவள் துண்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். சொட்டம்மா குப்பியைக் கழுவினாள், துடைத்தாள், பெட்டியில் வைத்து மூடினாள். வழக்கமாக அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாள். அன்றைக்கு நாற்காலி மேல் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். பாட்டில நேரா பிடிக்கணும், சாய்க்கக் கூடாது" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கதவுக்குள் குனிந்து போனாள்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணவர் குளித்துவிட்டு வந்து, "சின்னவளே இப்ப டெஸ்ட் பண்றா. பரவாயில்ல, நல்லா பண்றா" என்றார். மனிதருக்கு நேரம் காலம் தெரியாது. என்ன நல்லா? ஈரக் கையால் குப்பியைப் பிடிப்பாள், மேல்தண்ணீரை எடுப்பாள், மருந்து மூடியைத் திறந்தபடி வைப்பாள். ஐந்து சொட்டு போடும்போது யாரோடாவது பேசுவாள். 'அது என் பெட்டி!' சொட்டம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை அவள் இரும்புக் கதவைத் திறந்தாள். நம்பர் ஏறவில்லை, யாரும் கூப்பிடவில்லை, பிடிக்கக் கள்ளனும் இல்லை. போவதற்கு ஒரு காரணம் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அப்படியே போனாள்.

சின்னவள் கரையில் மண்டியிட்டு, முழங்கை ஆழத்துக்குக் குப்பியை முக்கி எடுத்தாள். கையைத் துடைத்தாள். பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்து, உதடு அசைய எண்ணி ஐந்து சொட்டு விட்டாள். இடது கையால் வெள்ளைத் துண்டைப் பின்னால் பிடித்தாள். ஒரு குறை சொல்வதற்கில்லை. ஆறு மாதம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், திருடி. சொட்டம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது.

"நம்பர் என்ன?" என்றாள்.

சின்னவள் திரும்பினாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "ஏழு அஞ்சு அக்கா."

சொட்டம்மா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். ஏழு அஞ்சுதான். அணுவளவும் பிசகில்லை.

"ஏழு ஆறு" என்றாள்.

சின்னவளும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் நிறம் தெரியும். "ஆமா அக்கா, ஏழு ஆறுதான்" என்றாள்.

விட்டுக்கொடுப்பதிலும் முந்திக்கொண்டாளே! சொட்டம்மா பிரம்பு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த டீ என்னமோ தனின்னு உங்க மாமா சொல்லிக்கிட்டே இருக்கார்" என்றாள். "எடுத்துட்டு வா, பாப்போம்."